தோட்டத்து ஊரில் காற்று எப்படி? (லாபிஸ், ஜோகூர்)

கேள்வி: 2023 ஜனவரி 16

மகளுக்கு எட்டு வயது. மூன்று வயதிலிருந்து ஆஸ்துமா. இப்போது ஷா ஆலாமில் இருக்கிறோம். கணவருக்குச் சிகாமட்டுக்கு வேலை மாற்றம் வரும்போல் தெரிகிறது. லாபிஸில் வாடகை குறைவு, தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது என்பதால் அங்கே வீடு பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். "சுற்றிலும் மரம், தொழிற்சாலை கிடையாது, காற்றுக்கு என்ன குறை?" என்கிறார் மாமனார். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். எந்த மாதங்களில் பயப்பட வேண்டும்?

ஜனவரி 17

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டு, அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை. முப்பத்தெட்டு ஆண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்று இப்போது லாபிஸில் இருக்கிறேன்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மழையும் ஈரமும் இருக்கும், காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும். ஏப்ரலில் மாலையானால் இடி மழை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. நமக்கு அது வறண்ட காலம். சுமத்ரா நமக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கிறது. அங்கே எரிந்தால் இங்கே புகைமூட்டம். ஆகவே ஜூன் முதல் அக்டோபர் வரை கவனமாக இருங்கள். மற்ற மாதங்களில் பிள்ளையைத் தாராளமாக வெளியே விளையாட விடலாம்.

தொழிற்சாலை கிடையாது என்பது மட்டும் சரியில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கும் இடத்தில் எண்ணெய் ஆலை இருக்கும். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நார், கொட்டை ஓடு எல்லாவற்றையும் கொதிகலனில் போட்டு எரித்துத்தான் ஆலை ஓடுகிறது. வீடு பார்க்கும்போது ஆலை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஜனவரி 19

கைத்தொலைபேசியில் ஐபியு எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்து பாருங்கள்.

50 வரை நல்லது, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிக மோசம், அதற்கு மேல் ஆபத்து. முன்பெல்லாம் 10 மைக்ரோமீட்டர் வரையான தூசியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள் 2018-இல்தான் கணக்கில் சேர்ந்தது. புகையில் நுரையீரலின் அடிவரை போவது இந்த நுண்துகள்தான்.

லாபிஸில் அளவு நிலையம் இல்லை. நமக்குக் காட்டப்படுவது சிகாமட்டின் எண். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். அதுவும் அந்த நிமிடத்துக் காற்றின் அளவு இல்லை, துகள்களுக்குக் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. காலையில் பக்கத்துக் காட்டில் யாராவது நெருப்பு வைத்தால் அந்த எண் அசையக்கூட அசையாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. பின்வாசலில் நின்றால் மூன்று அடையாளம் தெரியும். முதலாவது பக்கத்து வீட்டுத் தென்னை. அடுத்தது செம்பனைக்கு மேலே தலை காட்டும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி, அரை மைலுக்குச் சற்றுக் கூட இருக்கும். கடைசியாகக் கிழக்கே மலை வரிசை. தினமும் காலை ஏழுக்கும் பத்துக்கும், மாலை ஆறுக்கும் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். ஓய்வு பெற்ற வாரத்தில் தொடங்கிய பழக்கம்.

பிப்ரவரி 12

ஜனவரி 17-இல் நான் எழுதியதை நானே திருத்த வேண்டும். "மற்ற மாதங்களில் தாராளமாக" என்று சொல்லிவிட்டேன். இன்று காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. சுமத்ராவிலிருந்து வர இப்போது காற்றும் இல்லை.

பால்மரம், அதாவது ரப்பர், இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி, மார்ச்சில் இலை முதலில் செம்பு நிறமாகும், பிறகு ஒரே வாரத்தில் மரம் மொட்டையாகும். தரையில் கணுக்கால் அளவுக்குச் சருகு. மிதித்தால் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். இரண்டு நாள் வெயில் போதும், தீக்குச்சிகூட வேண்டாம், ஒரு சிகரெட் துண்டில் பற்றிக்கொள்ளும். சிறுதோட்டக்காரர்கள் கூட்டிக் குவித்து வேண்டுமென்றே கொளுத்துவதும் உண்டு. வீட்டு வாசல் மாமரச் சருகும் சேர்ந்துகொள்ளும். மாலை ஆறு மணிக்கு வைத்த நெருப்பு அணையாமல் இரவெல்லாம் கனன்று, விடியும்போது ஊர்மேல் போர்வையாகக் கிடக்கும்.

ஆகவே உங்கள் பட்டியலில் பிப்ரவரியையும் மார்ச்சையும் சேருங்கள்.

பிப்ரவரி 14

"ஒரு குவியல் சருகில் என்ன வந்துவிடும்?" என்று எழுதியிருக்கும் தம்பிக்கு: ஒரு வீட்டில் ஒரு குவியல். ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) எத்தனை வீடு? திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் குற்றம். ஆனால் நான் சட்டத்துக்காகக் கேட்கவில்லை. உங்கள் பக்கத்து வீட்டில் இன்ஹேலரோடு ஒரு பிள்ளை இருக்கலாம். சருகைக் குழி வெட்டிப் போடுங்கள், ஆறு மாதத்தில் நல்ல உரம். என் கத்தரிச் செடி அந்த உரத்தில்தான் காய்க்கிறது.

மார்ச் 9

பத்து நாளாக எழுத முடியவில்லை. எங்கள் மாவட்டம் முழுக்க வெள்ளம். ஜோகூர் முழுவதும் நிவாரண மையங்களில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். நாங்கள் மேட்டில் இருப்பதால் தப்பித்தோம். ஆற்றோரத்தில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் சன்னல் திட்டு வரை தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் சிகாமட் மூழ்கியதைப் பார்த்தவர்கள்கூட இந்த முறை வாயடைத்து நின்றார்கள்.

காற்றைப் பற்றிய கேள்விக்கு வெள்ளம் எதற்கு என்பீர்கள். சித்தி மகள் வீட்டுக்குள் போனதும் எனக்கே தொண்டை அடைத்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக இருக்கிறது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உப்பி, ஐந்தாம் நாளே கரும்பச்சைப் பூஞ்சணம். ஆஸ்துமாக்காரருக்குப் பூஞ்சணம் புகைக்குச் சளைத்ததில்லை. வெள்ளம் ஏறிய வீட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள். புதிதாகச் சாயம் பூசியிருந்தால் அலமாரியை நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள்.

மார்ச் 25

இதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் ஊறிய மெத்தை, சோபா, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வீட்டு வாசல்களில் மலையாகக் கிடந்தன. லோரி வந்து அள்ளிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எல்லாச் சந்துக்கும் உடனே வர முடியவில்லை. நாற்றம் தாங்காமல் சிலர் கொளுத்திவிட்டார்கள். பஞ்சு மெத்தை என்று நினைத்தது ரப்பர் நுரை. கறுப்புப் புகை. எல்லாம் போய் நிற்பவர்களிடம் போய் நான் என்ன உபதேசம் செய்ய முடியும்? சித்தி மகளோடு சேர்ந்து ஒரு மெத்தையைச் சாலை முனை வரை இழுத்துப் போய்ப் போட்டேன். தண்ணீர் குடித்த மெத்தை, பிணம் கனம் கனத்தது.

மே 7

வெயில். மாவட்டத்தின் வெப்பநிலை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கும். நாட்டின் உச்சப் பதிவு 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை. அதுவும் பசிபிக் கடல் சூடேறி நமக்கு வறட்சி வரும் எல் நினோ ஆண்டுதான். இந்த ஆண்டும் எல் நினோ வருகிறது என்று பேச்சு அடிபடுகிறது.

"தோட்டங்களே எரிக்கிறார்கள், சருகைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?" என்று பகாவிலிருந்து ஓர் அண்ணன் கோபப்பட்டிருக்கிறார். எரித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது, அண்ணா. 1970-களின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். வெட்டிய மரங்கள் வாரக்கணக்கில் காய்ந்தன. பிறகு ஒரு மாலையில் பிரட்டுக் களத்தில் ஆண்களை நிறுத்தி எண்ணி, வரிசை வரிசையாக அனுப்பி நெருப்பு வைத்தார்கள். லயத்து வாசலில் நின்று பார்த்தேன். வானம் மாதுளை முத்து நிறம். மறுநாள் காலை கொடியில் காய்ந்த அப்பாவின் வெள்ளைச் சட்டைமேல் சாம்பல் இலை இலையாக உட்கார்ந்திருந்தது. நரம்புகூட அழியாத சாம்பல் இலை. தொட்டால் மாவு. அம்மா சட்டையை உதறி, மறுபடியும் துவைத்தாள். அந்தச் சாம்பலை நாங்கள் எல்லோரும் மூச்சில் இழுத்தோம் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

1989-இல் கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பழைய மரத்தைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, வரிசைக்கு நடுவே பரப்பி மக்கவிடுவது. 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது அதற்குக் கிடைத்தது. இன்று பெரிய தோட்டங்களில் இதுதான் நடைமுறை. இதிலும் சிரமம் உண்டு. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் தின்னும். அப்படியிருந்தும் எரிக்காமல் இருக்கிறார்கள். பெரிய தோட்டத்தால் முடிகிறது, நம் வாசல் சருகுக்கு முடியாதா என்பதே என் ஆதங்கம்.

மே 8

"புகைமூட்டம் என்றால் இந்தோனேசியா, வேறு பேச்சு வேண்டாம்" என்ற கருத்துக்கு.

பெரும்பங்கு அங்கிருந்துதான், மறுக்கவில்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த சதுப்புக் கரிமண் எரிந்தால் மேலே நெருப்பே தெரியாது. மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும், கனமழைதான் அணைக்கும். எல்லை தாண்டும் புகைக்காக ஆசியான் நாடுகள் 2002-இல் கோலாலம்பூரில் ஒப்பந்தம் போட்டன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்தது 2014-இல். பன்னிரண்டு ஆண்டு!

ஆனால் அதே 2014 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்தில் குறியீடு 300-ஐத் தாண்டியது. அது வடகிழக்குக் காற்றுக் காலம். சிலாங்கூரில் நம் மண்ணே எரிந்தது. காற்றுத் திசையைப் பார்க்காமல் கடலுக்கு அப்பால் கை நீட்டினால், வீட்டுக்குப் பின்னால் எரிவது கண்ணில் படாது.

ஜூன் 23

இன்றோடு பத்து ஆண்டு. 2013 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. மூவாரில் குறியீடு 746. மூவார், லேடாங் இரண்டு மாவட்டங்களிலும் அவசரநிலை அறிவித்தார்கள். லேடாங், இன்றைய பெயர் தங்காக், எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம். சுமத்ராவின் ரியாவில் எரிந்தது, மலாக்கா நீரிணையைத் தாண்டி நேரே எங்கள்மேல் விழுந்தது.

அப்போது நான் வேறோர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு தமிழ்ப்பள்ளியில் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மறக்காதது அதற்கு முந்தைய வாரம். காலையில் பார்த்த எண் மோசமில்லை. வானம் மட்டும் மஞ்சளாக இருந்தது. காலைச் சபையைத் திடலில் நடத்தலாமா என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். எண்ணைப் பார்த்துவிட்டு "நடத்தலாம்" என்றேன். நாட்டுப்பண் 'நெகாராகூ' பாடி முடித்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது: கழுத்தடியில், இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது, பிறகு வெளியே வந்தது. பேச முடியவில்லை. உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது. கிளினிக்கில் மருந்தை ஆவியாக்கிக் கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் சரியானான். இப்போது நன்றாக இருக்கிறான், போலிடெக்னிக்கில் படிக்கிறான்.

அந்தக் கழுத்துக் குழியை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை இருமுகிறாளா என்று மட்டும் பார்க்காதீர்கள். கழுத்தடியும் விலா எலும்புக்கு இடையிலும் உள்ளே இழுத்தால், பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வராவிட்டால், உடனே மருத்துவமனை. இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே போங்கள்.

நான் அன்று நம்பியது ஒரு சராசரியை. கண்ணெதிரே மஞ்சளாக இருந்த வானத்தை நம்பவில்லை. மூன்று அடையாளமும் பயிற்சிப் புத்தகமும் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

ஜூலை 16

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வாடை பற்றிக் குளுவாங்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கவலை. களைக்கொல்லி அடிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்தார்கள். என் பெரியம்மாவும் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு இருபது ஆண்டு அடித்தார். நகக்கண் மஞ்சளாகி உதிர்ந்தது. பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002-இல் தடுத்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை. இப்போது வேறு மருந்துகள். வீடு செம்பனை வரிசையை ஒட்டி இருந்தால், மருந்து அடிக்கும் நாளை மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்று சன்னலைச் சாத்துங்கள். கேட்டால் சொல்வார்கள். இதுவரை யாரும் எனக்குச் சொல்ல மறுத்ததில்லை.

ஆகஸ்ட் 20

ஒன்றரை ஆண்டுப் பயிற்சிப் புத்தகத்தை இன்று உட்கார்ந்து புரட்டினேன். மாதவாரியாகப் பார்த்துப் பார்த்து எனக்கும் உங்களுக்கும் முக்கியமான ஒன்று தவறிவிட்டது. மாதத்தைவிட மணி முக்கியம்.

தண்ணீர்த் தொட்டி தெரியாத நாட்கள் எல்லா மாதத்திலும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் காலை ஏழு மணிக் கட்டத்தில். பத்து மணிக் கட்டத்தில் அதே நாளில் மலை வரிசையே தெரிகிறது. கடற்கரை ஊரில் இரவிலும் காற்று அசையும். நமக்கு உள்நாடு, இரவில் இலை அசையாது. தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. சருகுப் புகை, ஆலைப் புகை, மண்பாதைத் தூசி எல்லாம் அந்த மூடிக்குள். ஏழு மணிக்குச் சூரியன் வந்து, தரை சூடாகி, எட்டரை, ஒன்பதுக்குத்தான் மூடி திறக்கும். பனி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி பனி. மீதியை மூக்கு சொல்லும். பனிக்கு வாடை கிடையாது.

இதை எழுதும்போது அம்மா நினைவு வந்து நிறுத்திவிட்டேன். மீண்டும் எழுதுகிறேன். பால்மரத்தில் விடியலுக்கு முன்னால்தான் பால் நன்றாக ஓடும். குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல். வெயில் ஏறினால் வெட்டுவாயில் பால் உறைந்துவிடும். அதனால் ஐந்தரைக்கெல்லாம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டில் இருக்க வேண்டும். புகை தரையில் படுத்திருக்கும் அதே நேரம். முப்பத்தொரு ஆண்டு அம்மா மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து அந்தக் காற்றைத்தான் இழுத்தாள். கடைசிக் காலத்து இருமலுக்கு மருத்துவர் "புகைப்பீர்களா?" என்று கேட்டார். அம்மா பீடியைத் தொட்டதுகூடக் கிடையாது. விறகடுப்பும் இருந்தது, கொசுவர்த்தியும் இருந்தது. காரணம் இதுதான் என்று நான் ஒன்றைக் கை காட்ட மாட்டேன். ஆனால் இதுவும் ஒன்று.

உங்கள் மகளுக்குப் பள்ளி ஏழரைக்கு. நடந்தோ சைக்கிளிலோ போனால் அந்த மூடிக்குள்தான் போவாள். விளையாட்டை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சன்னலைக் காலை ஆறுக்குத் திறப்பது நம் வழக்கம். உங்கள் வீட்டில் ஒன்பதுக்குத் திறங்கள்.

ஆகஸ்ட் 21

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்துமாப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். கற்பூரம் காட்டி உடனே அணையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அக்டோபர் 3

வந்துவிட்டது. மேற்குக் கரையில் பல நிலையங்கள் 100-ஐத் தாண்டிவிட்டன. தெற்கு சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிகிறது. என் கணக்கில் நான்கு நாளாக மலை வரிசை இல்லை, இரண்டு நாளாகத் தொட்டியும் இல்லை, பத்து மணிக்கும் இல்லை. இதுதான் வித்தியாசம்: ஊர்ப்புகை ஒன்பது மணிக்குக் கலைந்துவிடும், கடல் தாண்டி வந்தது பகல் முழுக்க நிற்கும். நண்பகலில் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது, மங்கலான பித்தளைத் தட்டுபோல்.

குறியீடு 100-ஐ எட்டினால் பள்ளியில் வெளி நடவடிக்கை நிறுத்தம், 200-ஐ எட்டினால் பள்ளி மூடல் என்பது கல்வி அமைச்சின் விதி. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் நுண்துகள். நம் நாட்டுத் தரம் 35. ஆஸ்துமாப் பிள்ளைக்கு நூறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சாதாரண மூன்றடுக்கு முகக்கவசம் நுண்துகளுக்குப் போதாது. என்95 வேலை செய்யும், கன்னத்தோடு ஒட்டி உட்கார்ந்தால். சன்னலில் ஈரத்துணி கட்டுவதால் பெரிய பயன் இல்லை. ஓர் அறையை மட்டும் நன்றாக மூடி, ஹெப்பா வடிகட்டி வைத்த கருவி ஒன்றை ஓடவிடுங்கள். தடுப்பு இன்ஹேலரை "இருமல் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். புகைமூட்டத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 8

நம் அமைச்சர் கடிதம் எழுதினார், இந்தோனேசிய அமைச்சர் எல்லை தாண்டிப் புகை போகவில்லை என்று மறுத்தார். 1997-இல் கூச்சிங்கில் 800-ஐத் தாண்டியபோதும், 2005-இல் கோலசிலாங்கூரில் அவசரநிலை வந்தபோதும், 2015-இலும் 2019-இலும் பள்ளிகளை மூடியபோதும் கேட்ட அதே பேச்சு. என் முதல் மாணவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறை இருமிவிட்டது. இதில் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 29

மழை பிடித்துவிட்டது. தொட்டி தெரிகிறது.

நீங்கள் குறித்து அனுப்பிய இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்தேன். ஒன்று ஆற்றோரம், நல்ல மாமரம், வாடகை குறைவு. மற்றது மேட்டில், ஆனால் வாசலில் நின்றால் ஆலைப் புகைபோக்கி தெரிகிறது. உங்கள் கணவர் ஆலையைப் பார்த்ததும் மேட்டு வீடு வேண்டாம் என்றாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மூன்று நாள் காலை ஆறே முக்காலுக்கு அங்கே போய் நின்றேன்.

புகைபோக்கியிலிருந்து புகை நேரே கொஞ்சம் ஏறி, படுத்து, மெல்ல நகர்ந்தது. மேட்டு வீட்டுக்கு வரவில்லை. சரிவைப் பிடித்துத் தண்ணீர்போல் இறங்கியது. சாலையைக் கடந்து, பாலத்தடியைக் கடந்து, ஆற்றோர வீடுகளுக்கு நடுவில் போய்த் தேங்கியது. கீழே இறங்கிப் போனேன். சித்தி மகள் வீட்டுச் சுவரில் மார்ச் மாத வெள்ளக்கோடு இன்னும் இருக்கிறது. புகையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. மார்ச்சில் தண்ணீர் போய் நின்ற அதே பள்ளம். குளிர்ந்த காற்றும் பள்ளத்தைத் தேடித்தான் போகும் என்று முப்பத்தெட்டு ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் ஊரில் போய் நின்று பார்த்தது இப்போதுதான்.

ஆகவே ஜனவரியில் "ஆலை எந்தத் திசையில்" என்று கேட்கச் சொன்னேனே, அதோடு இன்னொன்றையும் சேருங்கள்: வீடு பள்ளத்தில் இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா? காற்று பலமாக வீசும் மதிய வேளையில் மேட்டு வீட்டுக்கும் ஆலைப் புகை வரக்கூடும். ஆனால் அப்போது அது கலைந்து, மெலிந்து வரும்.

சித்தி மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் இடம் மாற முடியாது, சொந்த வீடு. சன்னலை ஒன்பதுக்குத் திறக்கிறாள்.

நவம்பர் 14

தீபாவளி அன்று இரவு மத்தாப்புப் புகை தாமானில் நின்றது. காலை மழை அடித்துக்கொண்டு போனது. புத்தகத்தில் 13-ஆம் தேதி ஏழு மணிக் கட்டத்தில் மூன்று அடையாளத்துக்கும் குறி போட்டிருக்கிறேன்.

மேட்டு வீட்டுக்காரர் முன்பணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். பின்னறை கிழக்குச் சன்னல், மகளுக்கு அதைக் கொடுங்கள். சமையலறைப் பின்சுவரை அலமாரி நகர்த்திப் பார்த்தேன், காய்ந்து இருக்கிறது. வாசலில் பெரிய ரம்புத்தான் மரம், சருகு நிறைய விழும். பின்பக்கம் குழி வெட்ட இடம் இருக்கிறது, என் மண்வெட்டியைத் தருகிறேன். நீங்கள் முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை காலை ஆறே முக்காலுக்கு வந்து வாசலில் நில்லுங்கள். இரவு ரயிலில் வந்தால் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம். மகளையும் அழைத்து வாருங்கள். அவளுக்கென்று ஒரு புதுப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அவள் வாசலிலிருந்து எந்த மூன்று அடையாளம் என்று அவளே சொல்லட்டும்.